பதினோரு முதுகுகள்

பிப்ரவரி 5, புதன்

கோபம் வந்தால் கத்தாமல் எழுதிவைக்கச் சொல்கிறார் டாக்டர். பிரஷர் இறங்குமாம். கூடவே மாத்திரையும் கொடுத்தார், ஆக அவர் சொல்வதில் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை. மகள் மதிவதனி பெங்களூரிலிருந்து போன் செய்து, "உண்மையை எழுதும்மா, யாரும் படிக்கப் போறதில்ல" என்றாள். யாரும் சீண்டாத வேலையை மும்முரமாகச் செய்வது எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் செய்து பார்த்ததுதான். அவர் எழுதவில்லை, வரைந்தார்.

சரி, இன்றைய கோபம்.

நகர் எழில் குழு என்று ஒன்று இருக்கிறது. தலைவர் சவரிராயன், பிரான்சில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர், ஊரே அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றுதான் கூப்பிடும். எங்கள் வட்டாரத்துக் கடைக்காரர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து விளக்கினார்.

"மாசா மாசம் முதல் சனிக்கிழமை, வீதி மாலை. அஞ்சு ஓவியக் காலரியில ஒரே நேரத்துல திறப்பு விழா. ஓட்டல்ல எல்லாம் விசேஷ சாப்பாடு. வில்லியனூர், பாகூர் பக்கத்திலேர்ந்து இலவச பஸ். ஜனங்க வரணும், கலையைப் பார்க்கணும், சாப்பிடணும், திரும்பிப் போகணும்."

கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னார்.

விசேஷமாக என்ன தருவீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மூலைக் காபிக்கடைக்காரன் மீன்குழம்பைச் சின்னக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி மேலே ஒரு புதினா இலை வைக்கப் போகிறானாம். கைதட்டினார்கள். என் முறை வந்தது. "வல்லி மெஸ்ஸுல மீன்குழம்பு சோத்து மேலதான் விழும்" என்றேன். ஒருவரும் தட்டவில்லை.

அப்புறம் எந்தக் காலரியில் யார் என்று படித்தார். என் கடைக்கு நேரெதிர் காலரியில் ஓவியர் கதிர். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மோர் குடித்தேன். மோரில் உப்பு இல்லை.

கதிர் என் வீட்டுக்காரர். கல்யாணப் பத்திரிகையில் கதிரேசன் என்றுதான் போட்டிருந்தது. படம் வரைய ஆரம்பித்ததும் ஈசனை வெட்டிவிட்டார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், "வல்லி, நான் என்னைத் தேடிப் போகணும்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேடப் போன இடம் முத்தியால்பேட்டை. நடந்தே போய்விடலாம். அங்கே ஒரு மாடி அறையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். விவாகரத்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்க வேண்டுமல்லவா?

பிப்ரவரி 8, சனி

இறால் நல்ல வரத்து. கிரைண்டர் ரிப்பேர். கோபமில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

கோபம்.

மத்தியானக் கூட்டம் கலைகிற நேரம் அவரே கடைக்கு வந்துவிட்டார். போனதிலிருந்து இந்தப் படியை மிதித்ததில்லை. தோளில் ஜோல்னாப் பை, பொத்தான் இல்லாத ஜிப்பா. மெலிந்திருக்கிறார். அது அவர் இஷ்டம்.

"நல்லாருக்கியா வல்லி?"

"உக்காருங்க. சாப்பாடா, டிபனா?"

"சாப்பிட வரல. என் திறப்பு விழாவுக்கு நீதான் இறால் வடை போடணும்."

"எத்தனை பேருக்கு?"

"கூட்டம் வரும். வெளியூர்லேர்ந்தெல்லாம் வர்றாங்க. பதினோரு படம், எல்லாம் ஒரே தொடர். நீ கண்டிப்பா வந்து பார்க்கணும்."

"வடை வரும். எனக்குக் கல்லாவுல வேலை இருக்கும்."

"மாறவே இல்ல நீ" என்று சிரித்தார். எதைப் பார்த்துச் சொன்னாரோ தெரியவில்லை. சொல்லும்போது சுவரில் ஈரம் பூத்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல டெக்ஸ்சர்" என்றும் சொன்னார்.

அவர் போனதும், அடுப்படியைப் பார்த்துக்கொள்கிற லூர்து அக்கா வந்து நின்றாள்.

"இன்னா வல்லி, முத்தியால்பேட்டை பார்சல் இன்னைக்குப் போச்சா?"

தினம் மத்தியானம் முத்தியால்பேட்டைக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சல் போகிறது. பழைய வாடிக்கையாளர். வயிறு ஒத்துக்கொள்ளாதவர், காரம் குறைத்துக் கட்டுவோம். "போச்சு" என்றேன்.

"நாளையிலேர்ந்து சோறு கூடுதலா வெக்கட்டுமா? வாடிக்கையாளரு இளைச்சிட்டாரு."

லூர்து அக்காவுக்கு வாய் அதிகம். மிஞ்சுகிற சோறுதானே, வை என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

காபிக்கடைக்காரன் கடை முழுக்க சிவப்பு பலூன். என் கடையில் ஒரு ஜோடி வந்து ஒரு மீல்ஸ் வாங்கி இரண்டு இலை கேட்டார்கள். கொடுத்தேன். டாக்டர் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

பிப்ரவரி 22, சனி

எதிர் காலரியில் படங்கள் வந்து இறங்கின. எல்லாம் பழைய துணி சுற்றிய சட்டங்கள். ஒவ்வொன்றையும் பிறந்த குழந்தை மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவரே உள்ளே போனார். மதிவதனி பிறந்தபோது கழுத்து நிற்கிற வரைக்கும் தொட பயந்தவர்.

வாசலில் பலகை மாட்டிவிட்டார்கள். "காத்திருப்பவள் – ஓவியத் தொடர்."

எவள் என்று எனக்கென்ன.

பிப்ரவரி 23, ஞாயிறு

எவளாக இருக்கும்?

பிப்ரவரி 28, வெள்ளி

நாளைக்கு வீதி மாலை. தெரு நெடுகக் காகித விளக்கு. குப்பைத் தொட்டிக்கெல்லாம் பெயின்ட் அடித்து அதன் மேல் கோலம் வரைந்திருக்கிறார்கள். எங்கள் தெருவோரம் கடலை வண்டி போடுகிற அம்மாவை நாளை ஒருநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம், தெருவின் பாரம்பரியத் தோற்றம் கெடுமாம். அவள் மாமியார் காலத்திலிருந்து அங்கேதான் வண்டி நிற்கிறது.

வடைக்கு மாவு அரைத்தாயிற்று.

மார்ச் 1, சனி

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு ஐந்து காலரியிலும் விளக்கு ஏற்றினார்கள். கடற்கரைப் பக்கத்துக் காலரியில் ஒயின் உண்டு, பாட்டுப் பாட ஒரு பெண்ணும் உண்டு. வெள்ளைக்காரர், உள்ளூர்ப் பெரிய மனிதர், கேமராக்காரர் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். என் கல்லாவிலிருந்து பார்த்தால் எதிர் காலரி வாசல் நேராகத் தெரியும். பார்க்க வேண்டும் என்று இல்லை, கல்லா அப்படிப் போட்டிருக்கிறது.

வாசலில் அவர் தனியாக நின்றார். வெள்ளை ஜிப்பா, இஸ்திரி போட்டது. தெருவில் யார் வந்தாலும் நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் கடந்து போனதும் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி பார்த்தார். உள்ளே எங்கள் வடை ஆறிக்கொண்டிருந்தது. வடை ஆறினால் ரப்பர். என் கடை பேர் கெடும். அதனால்தான் எழுந்தேன்.

முனையில் இலவச பஸ் வந்து நின்றது. பாகூர்ப் பக்கத்து வண்டி. பிள்ளைக்குட்டிகளோடு குடும்பங்கள், கல்லூரிப் பெண்கள், சீமந்தத்துக்குப் போய்விட்டு வளையலும் தாம்பூலப் பையுமாக ஒரு கூட்டம். டிரைவர் அய்யனாரப்பன் எங்கள் கடையில்தான் சாப்பிடுவார்.

"எல்லாரையும் எங்கப்பா இறக்கிவிடுற?"

"பீச்சுல இறக்கச் சொல்றாங்கக்கா. கலையாம், எவன் பார்க்குறான்?"

"இவ்ளோ தூரம் வந்தவங்க முதல்ல கைகால் கழுவ வேணாமா? இதோ எதிர்த்தாப்புல ஏசி இருக்கு, பாத்ரூம் இருக்கு, சூடா இறால் வடை இருக்கு. எல்லாம் ஓசி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பஸ்ஸுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். "எல்லாரும் இங்கயே இறங்குங்கம்மா! முதல் ஸ்டாப்பு இதான்!"

இதில் ஒன்றும் இல்லை. பாத்ரூம் எங்கே என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வது மனிதத்தன்மை.

காலரி பொங்கி வழிந்தது. அடுத்த பஸ்ஸும் அங்கேயே வந்து நின்றது. இவ்வளவு கூட்டமா என்று முசே கடற்கரைப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். கூடவே ஒயின் கிளாஸோடு பெரிய மனிதர்களும். கூட்டம் இருக்கிற இடத்தில்தான் கலை இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வடை தீர்ந்துவிட்டதென்று ஆள் வந்தது. லூர்து அக்காவுக்கு முட்டி வலி, தட்டைத் தூக்க மாட்டேன் என்றாள். காலையிலிருந்து அவள் முட்டி நன்றாகத்தான் இருந்தது. நானே தூக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே அவர் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். மக்கள் கலையைத் தேடி வந்துவிட்டார்களாம். நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று சுவரைப் பார்த்தேன்.

பதினோரு படம். பதினொன்றிலும் ஒரு பெண், முதுகு மட்டும். மஞ்சள் பூப் போட்ட நைட்டி. அள்ளி முடிந்த கொண்டை. வலது தோளைவிட இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அந்த நைட்டியை மதிவதனி பிளஸ் டூ படிக்கும்போது வாங்கினேன், இப்போது கிழிந்து கரித்துணியாகிவிட்டது. தோள் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அவர் சொன்னார். "இவள் காத்திருக்கிறாள். தலைமுறை தலைமுறையாக் காத்திருக்கிறாள். இவளுக்கு நான் முகம் வரையவில்லை. ஏன்னா, காத்திருத்தலுக்கு முகம் கிடையாது."

பெரிய மனிதர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சீமந்தக் கூட்டத்தில் ஒருத்தி, "ஏண்ணே, முகம் வரைய வராதா?" என்று நிஜமாகவே கேட்டாள். முசே உஷ் என்றார்.

கத்தக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாபகம் இருந்தது. இருந்தும் வாய் திறந்துவிட்டது.

"அவ ஒண்ணும் காத்திருக்கல."

மொத்தக் கூட்டமும் திரும்பியது.

"அது அடுப்பு. அவ முன்னாடி மீன்குழம்பு கொதிக்குது. திரும்பினா அடிபிடிக்கும், அதான் திரும்பல. காத்துக்கிட்டிருந்தது அவளுக்குப் பின்னாடி நாற்காலியில உக்காந்திருந்த ஆளு. காபிக்கு. எழுந்து ரெண்டடி முன்னால வந்து எட்டிப் பார்த்திருந்தா முகமும் தெரிஞ்சிருக்கும், குழம்பும் தெரிஞ்சிருக்கும்."

பாகூர்ப் பெண்கள் சிரித்தார்கள் பாருங்கள், ஒருத்தி சிரிப்பைத் தாங்க முடியாமல் பக்கத்திலிருந்தவளின் தோளில் சாய்ந்துவிட்டாள். கல்லூரிப் பெண்கள் விசிலடித்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தபடியே நின்றார். கோபப்படவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

வடைத் தட்டை முசே கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். தெருவைக் கடந்து கல்லாவில் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

மதிவதனி போனில் ஒரு பத்திரிகைச் செய்தியை அனுப்பினாள். "ஓவியத்துக்குள்ளிருந்தே எழுந்து பேசிய பெண்: துணிச்சலான நிகழ்த்துகலை." திட்டமிட்டே செய்தோமாம். என் குரலில் 'பயிற்சி பெற்ற கொந்தளிப்பு' இருந்ததாம். ஐந்தாவது முதுகை டெல்லி அம்மாள் ஒருத்தி வாங்கிவிட்டாளாம்.

மத்தியானம் முசே வந்தார். வஞ்சிர மீன் வறுவலோடு முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மதாம், அடுத்த மாசமும் அதே மாதிரி கத்த முடியுமா? ஏழு மணிக்குன்னா நல்லாருக்கும். அப்பத்தான் மினிஸ்டர் வருவார்."

"பாயசம் வேணுமா?" என்றேன்.

மார்ச் 3, திங்கள்

மதிவதனி பேசினாள். முதலில் சிரித்தாள். பிறகு, "அப்பா எங்கிட்ட ஒரு மணி நேரம் பேசினாரும்மா. உன்னைப் பத்தியேதான். புதன்கிழமை சாயங்காலம் உன்னைப் பார்க்க வீட்டுக்கு வர்றேன்னாரு" என்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

எனக்குப் புதன்கிழமை வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 5, புதன்

கடையை லூர்து அக்காவிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். தலைவலி. வீடு குப்பையாக இருந்ததால் பெருக்கினேன், துடைத்தேன். கூடத்துத் திரையை மாற்றினேன். பீரோவில் அரக்கு நிறப் பட்டு மடிப்பிலேயே கிடந்தால் இற்றுவிடும், அதற்குக் காற்றுப் பட வேண்டும். உடுத்தினால் நன்றாகக் காற்றுப் படும்.

ஆறு மணிக்கு வந்தார். கையில் மல்லிகைப் பொட்டலம். கதவைத் திறந்ததும் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். உண்மையை எழுத வேண்டுமென்றால், அப்படி யாரும் பார்த்து நாளாயிற்று.

"மூக்குத்தி மாத்திட்டியா வல்லி?"

"மூணு வருஷமாச்சு."

"நல்லாருக்கு."

காபி கொடுத்தேன். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அன்னைக்கு நீ பேசினது எனக்கு ஊசி ஏத்தின மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாள் தூங்கல. இத்தனை வருஷம் எதிர்லயே இருந்ததை நான் பார்க்கவே இல்ல."

அடுப்படியில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது, போய்ப் பார்த்தேன். அடுப்பை ஏற்கெனவே அணைத்திருந்தேன். கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

"அதனால..." என்று ஆரம்பித்தார். "சென்னையில ஒரு பெரிய காலரி கூப்பிட்டிருக்கு. பத்து நாள். நீயும் வரணும் வல்லி. தினம் சாயங்காலம் அதே மாதிரி நடுவுல எழுந்து பேசணும். ஒரு வார்த்தைகூட மாத்த வேணாம், அதேதான். ஆனா இந்தப் பட்டு வேணாம். அந்த மஞ்சள் நைட்டி இருக்கா?"

காபித் தம்ளரை வாங்கிக்கொண்டேன். இன்னும் பாதி இருந்தது.

"நைட்டி கரித்துணியாயிடுச்சு."

"புதுசா அதே மாதிரி தேடிப் பார்க்கலாம்."

"தேடுறதுதான் உங்களுக்குப் பழக்கமாச்சே. போய்த் தேடுங்க."

"கோவிச்சுக்காத. உனக்கு இதுல என்ன வேணும், சொல்லு. பேர் போடணுமா? போடுறேன்."

"அந்தப் பலகையை மாத்துங்க. அவ காத்திருக்கல. மீன்குழம்புன்னு போடுங்க."

"மீன்குழம்பா?" என்று முகத்தைச் சுளித்தார். பிறகு யோசிக்கிறேன் என்று கிளம்பினார். மல்லிகைப் பொட்டலத்தை என் கையில் கொடுக்காமல் மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனார். அதை லூர்து அக்கா தலையில் வைத்துக்கொள்வாள்.

மார்ச் 6, வியாழன்

முத்தியால்பேட்டை பார்சலை நிறுத்திவிட்டேன். பழைய வாடிக்கையாளர் இனிமேல் நேரில் வந்து சாப்பிடலாம்.

மார்ச் 8, சனி

வந்தார். வரிசையில் நின்று டோக்கன் வாங்கினார். லூர்து அக்கா பரிமாறினாள். முதல் வாய் சாம்பார் சாதம் சாப்பிட்டதும் அவளிடம், "ரெண்டு நாளா ஏங்க்கா அனுப்பல?" என்று கேட்டாராம். நாலு வருஷமாக யார் அனுப்புகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரிந்தேதான் சாப்பிட்டிருக்கிறார். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டுதான் காத்திருப்பவளையும் வரைந்திருக்கிறார்.

மத்தவங்க மாதிரி காரமாகவே போடு என்று லூர்து அக்காவிடம் சொல்லிவிட்டேன். ரசத்துக்குப் பிறகு மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாராம்.

மார்ச் 15, சனி

எதிர் காலரியில் பலகை மாறிவிட்டது. "கொதிநிலை – பெண்மையின் மௌன வெப்பம்."

லூர்து அக்கா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஜுரம் வந்தவளா?" என்றாள்.

ஏப்ரல் 3, வியாழன்

அடுத்த வீதி மாலைக்கு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போனார்கள். "இரவு ஏழு மணிக்கு: சமையலறைப் பெண் பேசுகிறாள். நேரடி நிகழ்த்துகை." பெண்ணின் பெயரும் போட்டிருக்கிறது. என் பெயர் இல்லை. விழுப்புரத்திலிருந்து ஒரு நாடகக்காரியை அமர்த்தியிருக்கிறார்களாம். முசேதான் ஏற்பாடு. மதிவதனிக்குச் சொன்னேன். "அம்மா, அன்னைக்கு நீ கடையில இருக்காத" என்றாள்.

எங்கே போவது? கல்யாணமானதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் நான் கடையில்தான் இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

ஆறு மணிக்குக் கடையைப் பூட்டினேன். காபிக்கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். லூர்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் முனையில் நின்றேன். இலவச பஸ் வந்தது.

"என்னக்கா, நீங்களா?" என்றார் அய்யனாரப்பன். "எங்க போகணும்?"

"எங்கயும் இல்லப்பா. ஒரு சுத்து சுத்தணும்."

இருபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் கடை நடத்துகிறேன், சாயங்காலத்தில் இந்த ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பஸ் கடற்கரையோரமாகப் போனது, காற்று அடித்தது. ஐஸ்கிரீம் கேட்டு அழுகிற பிள்ளைகள், செல்ஃபி எடுக்கிறவர்கள், ஒயின் கிளாஸோடு சிரிக்கிற பெரிய மனிதர்கள், எல்லாம் ஜன்னலில் வந்து வந்து போயிற்று. கடலை வண்டி அம்மாவை வேறு தெருவுக்குத் துரத்தியிருந்தார்கள், அங்கே அவளுக்கு நல்ல கூட்டம். அய்யனாரப்பன் வண்டியை நிறுத்தினார், ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல் வாங்கினோம். லூர்து அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டாள். அவள் முட்டி நன்றாக மடங்குகிறது.

திரும்பி எங்கள் தெருவுக்கு வந்தபோது ஏழு தாண்டியிருந்தது. காலரி எதிரில் பஸ் நின்றது. கண்ணாடிக் கதவு வழியாக நன்றாகத் தெரிந்தது. மஞ்சள் நைட்டி போட்ட ஒருத்தி கரண்டியை ஓங்கிக்கொண்டு கத்துகிறாள். சத்தம் கேட்கவில்லை. மினிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"உன்னை மாதிரியே இருக்கா" என்றாள் லூர்து அக்கா.

"எனக்கு இவ்ளோ தொப்பையா?"

"அதைச் சொல்லல. கோவத்தைச் சொன்னேன்."

"இது கோவமில்லக்கா. சம்பளம்."

அப்போது என் வீட்டுக்காரர் வெளியே வந்தார், கூட்டத்தை எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி பஸ்ஸை ஒரு முறை கண்ணால் துழாவினார். என் ஜன்னலுக்கு வந்ததும் கண் நின்றுவிட்டது. உள்ளே அவர் எழுதிக்கொடுத்ததை ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாள், வெளியே நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இரண்டடி முன்னால் வந்தார். கையைத் தூக்கினார், என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"வண்டியை எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டார் அய்யனாரப்பன்.

"எடுப்பா. இன்னொரு சுத்து."

நான் பதிலுக்குக் கை காட்டவில்லை. கை நிறைய சுண்டல் இருந்தது.